பாதி இந்தோனேசியம்

எங்கள் தெருவில் ஜன்னல் திரை தைக்கும் கடை ஒன்றே ஒன்றுதான். அதை ஒட்டி என்னுடைய கடை: நூல், பட்டன், ஊசி, எலாஸ்டிக், கொக்கி. இரண்டுக்கும் நடுவில் சுவர் என்று பெயருக்கு ஒரு சுவர் இருக்கிறது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். ஆகவே மடிப்பக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஒட்டுக்கேட்டாயா என்று கேட்கிறவர்கள் அந்தச் சுவரைக் கட்டிய மேஸ்திரியைப் போய்க் கேட்கட்டும்.

மடிப்பக்கா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. திரையின் மேல்விளிம்பில் மடிப்பு பிடிப்பது அவள் வேலை. துணியைக் கட்டைவிரலால் ஒதுக்கி, ஆள்காட்டி விரலால் அமுக்கி, ஊசியைக் குத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். வாடிக்கையாளர்கள் யாரும் அவளை அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் அவள் வீட்டுக்காரரைத்தான். கழுத்தில் இஞ்ச் டேப்போடு வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பதும், துணி காட்டுவதும், கம்பி மாட்டுவதும் அவர். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்த டேப் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. எல்லாருக்கும் அவர் டேப்பண்ணன்.

இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் ரொம்பச் சுலபம். அவர் கேட்பார், அவள் சொல்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாள் முழுக்க எனக்கு அதே பாட்டுதான்.

"நீலத்துல எத்தனை மீட்டர் இருக்கு?"

"பதினாலு."

"டாக்டர் வீட்டுக்கு உள்துணி வைக்கணுமா?"

"வேண்டாம்னாங்க."

"என் கண்ணாடி எங்கே?"

"நெத்தி மேல."

ஒருநாள் மத்தியானம் அவர், "நான் சாப்பிட்டேனா?" என்று கேட்டதை இந்தக் காதால் கேட்டேன். "சாப்பிட்டாச்சு" என்றாள் அக்கா. மெஷின் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இப்படி ஒரு மனுஷனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. கோபம் வராதவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், அது என் சுபாவம்.

அவர்களுக்கு ஒரே பையன். பயணிகள் கப்பல் ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. அதே பிரிவில், அவனுக்கு எதிர் மேஜையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒருநாள் போனில் சொன்னான். பெண் இந்தோனேசியாக்காரி. அவன் அனுப்பிய படத்தை அக்கா பார்த்தாள். "முகம் லட்சணமா இருக்கு. துணி மடிக்கிற வேலைன்னா நம்ம வேலை மாதிரிதான்" என்றாள். அதோடு அவளுடைய ஆட்சேபணை முடிந்துவிட்டது. டேப்பண்ணன் மட்டும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு அவரும் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிற வீட்டிலெல்லாம் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

சிக்கல் பெண்ணின் அம்மாவிடமிருந்து வந்தது. பையன் அதைச் சொன்னபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் பட்டன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

"அம்மா, அவளுக்கு அம்மா மட்டும்தான். அப்பா இவ சின்னப் பொண்ணா இருக்கும்போதே விட்டுட்டுப் போயிட்டார். அதனால அவங்க அம்மா ஒரே பிடிவாதமா இருக்காங்க. பையனைப் பார்த்தாச்சு, பையனோட அப்பா அம்மாவை எப்படி வெச்சிருக்கார்னு பார்க்கணும், அதுக்கப்புறம்தான் சொல்லுவேன்னு."

"வரட்டுமே. நீயும் அந்தப் பொண்ணும் கூட வந்தா பேச்சுக்கு வசதியா இருக்கும்" என்றார் டேப்பண்ணன்.

"எங்களுக்கு லீவும் கிடையாது, வரவும் கூடாதாம். நடுவுல நின்னு நாங்க சர்க்கரை தடவிச் சொல்லிடுவோமாம். படகுத்துறையில டிக்கெட் செக் பண்றவங்கப்பா அவங்க. மூஞ்சியைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடிச்சிடுவாங்களாம். நான் பார்த்துக்கறேன், எனக்கு ஆள் வேண்டாம்ங்கறாங்க."

"அவங்களுக்குப் பிடிக்கலைன்னா?" இதையும் அவர்தான் கேட்டார்.

"அப்புறம் இல்லைப்பா. அவ அம்மா பேச்சைத் தாண்ட மாட்டா. நானும் தாண்டச் சொல்ல மாட்டேன்."

அக்காவின் மெஷின் அன்று சாயங்காலம் வரை ஓடவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து நின்றார்கள், இந்தோனேசிய மொழியைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா என்று. நான் போனில் தேடி, பயணிகளுக்கான பாடங்கள் என்று ஒன்றை எடுத்து அவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு ஆண் குரல் ஒன்றைச் சொல்லும். ஒரு பெண் குரல் இன்னொன்றைச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் பிறகு தமிழில் பொருள் வரும், திருப்பிச் சொல்லிப் பார்க்கக் கொஞ்சம் இடைவெளியும் விட்டிருப்பார்கள். போனை நூல்கண்டு அடுக்கும் பலகையில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேலைக்கு நடுவே படித்தார்கள்.

முதல் வாரம் எனக்கு ஒரே குழப்பம். "அப்பா கபார்?" என்று டேப்பண்ணன் ஏணி மேலிருந்து முழங்குவார். யாருடைய அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் எட்டிப் பார்ப்பேன். "பாய்க், தெரிமா காசி" என்று அக்கா கீழேயிருந்து பதில் கொடுப்பாள். நலமா என்று இவர் கேட்க, நலம், நன்றி என்று அவள் சொல்கிறாளாம். அடுத்த வாரம் அவர் "டி மானா?" என்பார். எங்கே என்று அர்த்தம். அவள் "டி சபெலா கிரி" என்பாள். இடது பக்கம் என்று அர்த்தம். கொஞ்ச நாளில் என்னை அறியாமல் நானே பட்டன் எண்ணிக்கொண்டே சபெலா கிரி, சபெலா கிரி என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டேன். கடைக்கு வந்த ஒரு அம்மா, இது என்ன புது மந்திரம் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சம்பந்தியம்மா வருகிற வாரம் அக்கா என் கடைக்குக் கொக்கி வாங்க வந்தாள். விளையாட்டாக, "எங்கே, என் பேரு என்னன்னு அவங்க பாஷையில கேளு பார்ப்போம்" என்றேன்.

அக்கா விழித்தாள். "அது எனக்குத் தெரியாது. அது அவரோடது."

"எது அவரோடது?"

"கேக்கறது. பதில்தான் என்னோடது."

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் டேப்பண்ணனிடம் விசாரித்தேன். அவருக்கு நான் கேட்பதே வேடிக்கையாக இருந்தது.

"இதுல என்ன இருக்கு? ஆம்பளைக் குரல் கேக்குது, பொம்பளைக் குரல் சொல்லுது. முதல் பாடத்துல இருந்து கடைசிப் பாடம் வரைக்கும் அப்படித்தான். அந்த ஊர் வழக்கம் அது. ஆம்பளை கேக்கணும், பொம்பளை சொல்லணும். நம்ம வழக்கமும் அதுதானே? அதனால என்னோடதை நான் படிச்சேன், அவளோடதை அவ படிச்சா."

"அண்ணே, அது சும்மா ரெண்டு பேரை வெச்சுப் பேச வெச்சிருக்காங்க. ரெண்டையும் ரெண்டு பேரும் படிக்கணும்!"

"எதுக்கு? துணி வெட்டறது நான், தைக்கறது அவ. நான் தைக்கவும் அவ வெட்டவும் கத்துக்கிட்டா பாதி வேலைதான் நடக்கும். வர்றவங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்துதானே உட்காரப் போறோம்?"

அந்த ஊரில் பெண்கள் யாரும் எதையும் கேட்காமலா டிக்கெட் செக் பண்ணுகிறார்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அது சர்க்கார் வேலை. அது வேற" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சுவர் விழுந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மா வருவதற்கு முந்தின நாள் அது நடந்தது. ஊருக்கெல்லாம் திரை மாட்டுகிறவர் வீட்டு முன்னறை ஜன்னலில் அதுவரை தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பழைய படுக்கை விரிப்பு. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டக் காலையிலேயே ஸ்டூல் போட்டு ஏறினார். "கம்பி நேரா இருக்கா?" என்று கேட்டார். அக்கா அடுப்படியில் இருந்தாள். பதில் வரும் பக்கம் அவர் திரும்பினார். ஸ்டூல் திரும்பவில்லை.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, அதில் எடையைத் தொங்கவிட்டார்கள். அசையக் கூடாது என்றார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாளைக்கு என்ன பண்ணுவே?"

அன்று சாயங்காலம் அவர் தன்னுடைய பாதியை அவளுக்குச் சொல்லித்தரப் பார்த்தார். "சியாப்பா நாமா" என்று பெயர் கேட்பதில் ஆரம்பித்தார், வலி மருந்து ஏறிப் பாதியிலேயே தூங்கிவிட்டார். பையனுக்கு நாங்கள் அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. கப்பல் நடுக்கடலில் இருந்தது. பெண்ணின் அம்மாவோ விமானத்தில் ஏறியாயிற்று. நிறுத்தச் சொல்லவும் வழியில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தக் கூத்தில் பக்கத்தில் ஒரு ஆளாவது வேண்டாமா? புதுத் திரை பாதி மாட்டியபடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கட்டக்கூட எங்களுக்கு மனசில்லை.

டாக்ஸியைத் தெருவிலேயே நிற்கச் சைகை காட்டிவிட்டு இறங்கியவள் குள்ளமாக, கெட்டியாக இருந்தாள். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. கையில் ஒரு பையும் ஒரு அட்டைப் பெட்டியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் எல்லாவற்றையும் எடை போட்டது. பக்கத்தில் கிடந்த ஆண் செருப்பையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, "அப்பா கபார்?" என்றாள்.

"பாய்க், தெரிமா காசி" என்றாள் அக்கா, பட்டென்று.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. இவளுக்கு நம் மொழி தெரியும் என்று நினைத்துக் கடகடவென்று ஏதோ கொட்டினாள். அக்கா பாடத்தில் அடுத்த பதில் எதுவோ அதைச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். அவளும் தன் பெயரைச் சொன்னாள். வந்தவள் நாற்காலியைக் காட்டி, உட்காரலாமா என்பது போலப் பார்த்தாள். அக்கா, "சிலாக்கான்" என்றாள். தாராளமாக என்று அர்த்தம். அவள் உட்கார்ந்தாள். அட, தேறிவிடும் போலிருக்கிறதே என்று நான் மூச்சு விட்டேன்.

அப்புறம் அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த கல்யாணப் படத்தில் டேப்பண்ணனைக் காட்டி ஒன்று கேட்டாள். அதில் "டி மானா" என்று வந்தது. எங்கே. அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"டி சபெலா கிரி" என்றாள்.

இடது பக்கம். அந்த அம்மா இடது பக்கம் திரும்பினாள். அங்கே குளியலறைக் கதவு இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு மரியாதையாகக் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம், எதற்கு என்று தெரியாமல். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் குடித்தாள், கதவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், குடித்தாள். கடைசியில் எழுந்து போய் அந்தக் கதவை விரலால் தட்டியே விட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு வாளியும் ஒரு குவளையும்.

அவள் புருவம் ஏறியது. படத்தைக் காட்டி மறுபடி கேட்டாள். மறுபடியும் "டி மானா."

எங்கே என்ற கேள்விக்குப் பாடத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. முதல் பதில் பலிக்கவில்லை. அக்கா இரண்டாவதைச் சொன்னாள்.

"சூடா பெரங்காட்."

பேருந்து எங்கே என்று அந்த ஆண் குரல் கேட்கும்போது பெண் குரல் சொல்வது அது. புறப்பட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அக்காவுக்கே அது புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போனது போனதுதான்.

அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை. கோபமும் வரவில்லை. எதிர்பார்த்த செய்தியைக் கேட்டவள் போல நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கதைதானே அது? காலையில் செருப்பை விட்டுவிட்டுக்கூடப் புறப்பட்டுப் போகிற ஆண்களை அவளுக்குத் தெரியும்.

"ஐயோ, இல்லீங்க, இல்லீங்க" என்று அக்கா தமிழில் பதறினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறுவது போலவும் தடுமாறி விழுவது போலவும் நடித்தாள். விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு வலியில் முகத்தைச் சுளித்தாள். நன்றாகத்தான் நடித்தாள். என்ன பிரயோஜனம்? அந்த அம்மா துள்ளி எழுந்து வந்து அக்காவைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள், முழங்கையைத் தடவிப் பார்த்தாள். காயம் தேடுகிறாள்! அவன் உன்னை அடித்துப் போட்டுவிட்டுப் போனானா என்பதுதான் அதற்கு அர்த்தம். இதெல்லாம் பின்னால் பையன் கேட்டுச் சொன்னது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்றைச் சரி பண்ணப் போய் ஒன்பதைக் கெடுக்கிறோம் என்பதுதான்.

நான் என் போனை எடுத்து, அதில் தமிழில் பேசினால் அது மாற்றிச் சொல்லும் என்று நீட்டினேன். அவள் அதைத் தன் உள்ளங்கையால் மூடி, மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டாள். நடுவில் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் அல்லவா? போனும் ஒரு ஆள்தான் போலிருக்கிறது.

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அக்காவுக்கென்று கொண்டுவந்த அட்டைப் பெட்டியை மட்டும் மேஜையில் விட்டாள். அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ மெதுவாகச் சொன்னாள். ஆறுதல் போல இருந்தது. இவள் வாசலைத் தாண்டினால் பையனுடைய கல்யாணமும் அதோடு போகும்.

"கூப்பிடு அக்கா! எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களான்னு கேளு!"

"எப்படிடி கேப்பேன்? கேக்கறதெல்லாம் அங்கேதானே படுத்திருக்கு!" என்று அக்கா அழுதுவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்டால் இன்றுவரை தெரியாது. ஒரு கையில் அந்த அம்மாவையும் மறு கையில் அக்காவையும் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, அவளுக்காகக் காத்திருந்த அதே டாக்ஸியில் ஏற்றினேன். படகுத்துறையில் எத்தனையோ பேரைப் பிடித்தவள், என்னிடம் மல்லுக்கு நிற்காமல் வந்தாள். அக்காவைத் தனியாக விட அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். வழியெல்லாம் அக்காவின் கையை விடவே இல்லை. ஒருவேளை என்னைத்தான் ஏதாவது வில்லி என்று நினைத்தாளோ என்னவோ. மூன்று பேரும் மூன்று கதையை மனதில் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எலும்பு முறிவு வார்டில் வரிசையாகக் கால்கள் தொங்கின. கடைசிக் கட்டிலில் டேப்பண்ணன். எங்களைக் கண்டதும் தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கினார். சம்பந்தியம்மா அவரைப் பார்த்தாள், தூக்கிக் கட்டிய காலைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் நடந்த நாடகம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது போல. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். டேப்பண்ணன் விடவில்லை. இத்தனை நாள் படித்த படிப்பு வீணாகப் போகுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அப்பா கபார்? சியாப்பா நாமா அண்டா? டாரி மானா?"

நலமா, உங்கள் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அவர் அக்கா பக்கம் திரும்பி, "என்ன சொல்றாங்க?" என்பார். "நல்லா இருக்காங்களாம்" என்பாள் அக்கா. பதில்கள்தான் அவள் பாதியாயிற்றே, அதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. அவருக்கோ தான் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் உற்சாகம் தாங்கவில்லை. நலம் விசாரித்து முடித்ததும் பாடத்தில் அடுத்து என்ன உண்டோ அதற்குப் போய்விட்டார்.

"பெராப்பா ஹர்கான்யா?"

விலை என்ன. பெண்ணைப் பெற்றவளைப் பார்த்து! அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவருக்கு அந்தக் கையெல்லாம் கண்ணில் படவே இல்லை.

"டி மானா காமார் கெச்சில்?"

கழிப்பறை எங்கே. காலைக் கட்டித் தொங்கவிட்ட மனுஷன் கேட்கிற கேள்வியா இது? அந்த அம்மா ஒரு நிமிஷம் குழம்பினாள். பிறகு பொறுப்பாகத் தாழ்வாரத்தைக் காட்டி வழி சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"நேரா போய் வலது பக்கம் திரும்பணுமாம்" என்றாள் அக்கா.

சம்பந்தியம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கேட்பது, கேட்டதும் அக்காவின் முகத்துக்குத் திரும்புவது, அக்கா சொல்வது, அவர் சரி என்று தலையாட்டுவது. டிக்கெட் பார்க்கும் கண்கள் இரண்டு முகத்துக்கும் மாறி மாறிப் போயின. அப்புறம் பேசவேண்டாம் என்று அவருக்குக் கையைக் காட்டினாள். அக்காவின் பக்கம் திரும்பி, அவரைச் சுட்டிக்காட்டி, ஒன்று கேட்டாள். நீளமாக இல்லை. கடைசியில் "பாய்க்?" என்று முடிந்தது.

பாய்க் என்றால் நலம். நல்லது, நல்லவன் என்றும் வரும் என்று பாடத்தில் சொன்னார்கள். இவர் நல்லவரா என்று கேட்கிறாள். வந்த காரியமே அதுதான். பாய்க் என்று திருப்பிச் சொன்னால் போதும், அக்கா, சொல்லித் தொலை. ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைதானே?

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு, "பெலும்" என்றாள்.

இன்னும் இல்லை. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் சொல்கிற பதில் அது. பயத்தில் உளறிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். சம்பந்தியம்மாவும் அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அந்தக் கட்டில்காரர் காலை நகர்த்த முடியாமல் பயந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சர்க்கரை தடவாத ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே இத்தனை தூரம் பறந்து வந்தாள்? அக்காவிடம் நான் பின்னால் கேட்டேன், வாய் தவறியா சொன்னாய் என்று. "தெரிஞ்சுதான் சொன்னேன். மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்?" என்றாள்.

சிரித்து முடித்ததும் சம்பந்தியம்மா விரலை இந்தப் பக்கம் திருப்பினாள். அக்காவைக் காட்டி, டேப்பண்ணனிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

அவர் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார். "என்ன கேக்கறாங்க?"

"நான் நல்லவளான்னு கேக்கறாங்க."

"அதுக்கு என்ன சொல்லணும்?"

அக்கா சொல்லவில்லை. போர்வையின் ஓரத்தை இழுத்து, இல்லாத ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். டேப்பண்ணன் காத்திருந்தார். அவள் நிமிரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று சம்பந்தியம்மாவிடம் தமிழிலேயே ஆரம்பித்தார். "கேக்கறது மட்டும்தாங்க எனக்குத் தெரியும். பதிலெல்லாம் இவகிட்டதான் இருக்கு. நேத்து இவ வீட்டுக்குப் போனதுல இருந்து நர்ஸ் வந்து கேக்குது, உங்களுக்கு என்ன மாத்திரை ஒத்துக்காது, எந்த வருஷம் ஆபரேஷன் ஆச்சு, ராத்திரி என்ன சாப்பிடுவீங்கன்னு. எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. என்னைப் பத்தியே எனக்குத் தெரியலை. இவ இல்லேன்னா எனக்கு ஒரு பதிலும் கிடையாதுங்க." சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு இதில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. மொழிபெயர்க்கவும் ஆள் இல்லை, பாடத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது? ஆனால் அவர் பேசும்போது அவள் அவரைப் பார்க்கவே இல்லை. முழுக்க முழுக்க அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் பையிலிருந்து போனை எடுத்தாள். மகளுக்குத்தான். கடலில் பேச முடியாது, அதனால் குரலைப் பதிந்து அனுப்பினாள். நிறையப் பேசினாள். நடுவில் இரண்டு தடவை சிரித்தாள். கடைசியில் ஒரே வார்த்தையை அழுத்திச் சொன்னாள். "போலே" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "போலே" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு அனுப்பினாள்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த வார்த்தை அது. இங்கே படம் எடுக்கலாமா, இங்கே உட்காரலாமா என்று அந்த ஆண் குரல் எது கேட்டாலும் பெண் குரல் சொல்கிற பதில். செய்யலாம், சம்மதம்.

"என்ன சொன்னாங்க?" என்றார் டேப்பண்ணன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். "ஏய், என்ன சொன்னாங்க? சரியா, இல்லையா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க. இப்ப நீங்க சொன்னதெல்லாம் நிஜமா?"

கேட்டுவிட்டு, அவர் பதிலுக்காக நின்றாள்.

அவர் உதவிக்கு யாரையும் பார்க்கவில்லை. தலையை ஆட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி, இரண்டு தடவை.

"சம்மதம்னுட்டாங்க" என்றாள் அக்கா.